பஞ்சாலை ரவுண்டானாவில் வழிவிட்டவர்

வண்டி நின்ற விதத்தை வைத்துத்தான் அது ஜெகதீசன் என்று இந்துமதி கண்டுகொண்டாள்.

ஜெகதீசன் அவளுடைய கணவர். மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதன்பிறகு அவள் எந்தக் காரிலும் ஏறவில்லை. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் டவுன் பஸ்தான். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வந்த பஸ்ஸிலெல்லாம் படிக்கட்டு வரை ஆள். வேறு வழியில்லாமல் ஒரு வலவன் டாக்ஸியைக் கூப்பிட்டாள். கோயமுத்தூர் தெருக்களில் அந்த ஆளில்லா டாக்ஸிகள் சகஜமாகிவிட்டிருந்த காலம். எல்லோரும் பின் சீட்டில்தான் உட்காருவார்கள். இந்துமதி பழக்கதோஷத்தில் முன்னால், இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள். பக்கத்தில் ஓட்டுநர் சீட் காலியாக இருக்க, ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. அவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பஞ்சாலை ரவுண்டானா ஐந்து சாலைகள் வந்து முட்டிக்கொள்கிற இடம். பஞ்சாலை என்றோ போய்விட்டது. பெயரும், வட்டத்தின் நடுவே சிமெண்டில் செய்து வைத்த ஒரு பெரிய நூல்கண்டும்தான் மிச்சம். டாக்ஸி வட்டத்துக்குள் பாதி சுற்றியிருந்தது. இடப்பக்கச் சாலையின் வாயில் மழைக்கோட்டு போட்ட ஒருவர், மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு, மொபெட்டை உள்ளே விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். டாக்ஸி பிரேக்கை மெல்லத் தொட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் தளர்த்தியது. பிறகு முன்பக்கம் குனியாமல், குலுங்காமல், அப்படியே அமர்ந்ததுபோல நின்றது. மொபெட் கடந்து போயிற்று.

"என்னங்க" என்றாள் இந்துமதி, தன்னை அறியாமல்.

அவள் பிசியோதெரபிஸ்ட். மனிதர்கள் நடப்பதையும் உட்காருவதையும் எழுவதையும் பார்த்துப் பார்த்தே வயதானவள். நோயாளியின் முகம் மறந்தாலும், கடைவீதியில் எதிரே அவர் நடந்து வருகிற சாயலில் எந்த முழங்கால், எந்தப் பக்கம் என்று நினைவு வந்துவிடும். ஜெகதீசன் நாற்காலியில் உட்காருவதே அப்படித்தான். முதலில் கையால் ஒரு தொடுகை, ஒரு தயக்கம், பிறகு சத்தமில்லாமல் முழு உடம்பும். கார் ஓட்டும்போது அதே உடம்புதான் பிரேக்கை மிதித்தது.

தினமும் காலையில் காரில் கடக்கும் அந்த ரவுண்டானாவில் அவர்களுக்குள் நடந்த சண்டைக்குக் கணக்கில்லை.

"நாம சுத்துக்குள்ள இருக்கறமுங்க. நமக்குத்தான் முதல் உரிமை. நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"அவங்க எத்தன நேரமா நிக்கறாங்கன்னு பாரு இந்து."

"பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க."

"அடிக்கட்டும். அதுக்குத்தான வண்டியில வெச்சுக் குடுத்திருக்கான்."

வலவன் நிறுவனம் ஊருக்குள் வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று தங்கள் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி, விருப்பப்பட்டவர்களின் கார்களில் சின்னதாக ஒரு பதிவுப் பெட்டியைப் பொருத்தினார்கள். ஜெகதீசன் முதல் ஆளாய்ப் போய்ப் பொருத்திக்கொண்டு வந்தார். அவர் போகும்வரை அந்தப் பெட்டி காரிலேயே இருந்தது. அப்படியானால் இது அவரேதான். அவருடைய கால், அவருடைய தயக்கம். மழையில் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மழை இல்லை. இருந்தாலும் டாக்ஸி கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும்.

விரைவிலேயே அது தினப்படி ஆகிவிட்டது. கிளினிக்கை மூடிவிட்டு வந்து ஏறுவாள். நெரிசலில்லாத வேறு வழியும் உண்டு. ஆனாலும் ரவுண்டானா வழியாகவே போகச் சொல்வாள். சில நாள் இன்னொரு சுற்று சுற்றச் சொல்வாள். குளியலறைக் குழாய் ஒழுகுவதை, புது ரிசப்ஷனிஸ்ட் பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டதை, எல்லாவற்றையும் காலி சீட்டைப் பார்த்துச் சொல்வாள். வண்டி பதில் சொல்லாது. அவர் உயிரோடு இருந்தபோதும் அதிகம் சொன்னதில்லை. வட்டத்துக்குள் வழி கிடைக்காமல் யாராவது நிற்க வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்வாள். யாரும் நிற்காத நாளில் வண்டி அது பாட்டுக்குப் போய்விடும். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

ரவுண்டானா மாறிக்கொண்டு வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் பெரிதாக நினைக்கவில்லை.

முன்பெல்லாம் வட்டத்தின் வாயில் வந்து நிற்கிறவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி, வலப்பக்கம் எட்டிப் பார்த்து, இடைவெளி கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். இப்போது யாரும் காலை ஊன்றுவதில்லை. வலவன் வண்டிகள் நிற்கும் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. காதில் போனை இடுக்கிக்கொண்டு நேராக உள்ளே விடுகிறார்கள். வட்டத்தைச் சுற்றச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் புகுந்து பேக்கரிக்குப் போகிறார்கள். டீ ஆற்றிக்கொண்டே பேக்கரி மாஸ்டர் ஒருநாள் அவளிடம் சொன்னார்: "முன்னெல்லாம் இதுக்குள்ள நுழையறதுன்னா சாமி கும்பிட்டுட்டுத்தானுங்க நுழைவோம். இப்ப மாடுகூட நின்னு பாத்துப் போகுது. மனுசன் பாக்கறதில்லீங்க."

அவள் சிரித்துவிட்டு வந்தாள்.

ஆடி மாதம், காற்று புழுதியை வாரியிறைத்த ஒரு சாயங்காலம் அது நடந்தது. வட்டத்தின் வெளிவரிசையில் இந்துமதியின் டாக்ஸி போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கச் சாலையிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். காலடியில் பெரிய அலங்காரப் பெட்டி. டாக்ஸி மெல்லத் தொட்டது, தளர்த்தியது, நின்றது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் டாக்ஸியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனாள். அதே நேரம் டாக்ஸியின் வலப்பக்கம், உள்வரிசையில், ஒரு பிக்கப் வேன் வேகமாய் வந்தது. அதை ஓட்டியது மனிதன். நின்ற டாக்ஸி மறைத்ததில் அவனுக்கு ஸ்கூட்டர் தெரியவில்லை. அவளுக்கு வேன் தெரியவில்லை.

இந்துமதி கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். சாலையெங்கும் பவுடர் டப்பாக்களும் குஞ்சலமும் சிதறிக் கிடந்தன. தூக்க வந்தவர்களைக் கத்தி விலக்கினாள். "யாரும் தூக்காதீங்க! கால அசைக்காதீங்க!" ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண்ணின் இடுப்பையும் தொடையையும் அசையாமல் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் டாக்ஸி, விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டபடி, பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஐப்பசியில் நடைப்பயிற்சிக்காக இந்துமதியின் கிளினிக்குக்கே வந்து சேர்ந்தாள். அன்று சாலையில் தன்னைப் பிடித்திருந்தது இவள்தான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"முகூர்த்த சீசன் மேடம்" என்றாள் நடை பழகுகிற இணைகம்பிகளைப் பிடித்து நின்றபடி. "ஒரு பொண்ணுக்கு அலங்காரம் பண்ணணும்னா விடியறதுக்கு முன்னாடியிருந்து நின்னுட்டே இருக்கணும். இந்த இடுப்பு இனி நிக்குமா?"

"நிக்கும். நிக்க வெக்கறேன். முதல்ல எடைய இந்தக் காலுக்குக் கொண்டு வாங்க."

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு எடையை மாற்றினாள். நெற்றி வேர்த்தது.

"நீங்க பாத்து வந்திருக்கலாமே" என்றாள் இந்துமதி. கேட்டுவிட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது.

"அந்த வண்டி நின்னுச்சே மேடம்." ஜெசிந்தா குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை, வியப்போடு சொன்னாள். "நின்னுச்சு, அதனால போனேன். வலது பக்கம் பாக்கறதையே விட்டுட்டேன் நானு. எல்லாரும் அப்படித்தான். அது அவ்வளவு மரியாதையா நிக்கறப்ப, மத்தவனும் நிப்பான்னு தோணிருதில்லீங்க?"

அன்று மாலை இந்துமதி டாக்ஸி கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள். மறுநாள் மனது கேட்காமல் கூப்பிட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் வலவன் நிறுவனம் அறிவித்தது: ரவுண்டானாக்களில் விபத்து கூடிக்கொண்டே போவதால் வண்டிகளின் நடத்தை திருத்தப்படும். வட்டத்துக்குள் இருக்கிற வண்டி இனிமேல் விதியில் உள்ளபடி நிற்காமல் போகும். ஆட்சேபம் இருப்பவர்கள் பொதுமக்கள் கூட்டத்தில் சொல்லலாம்.

இந்துமதி மறுநாளே கிளினிக்குக்கு விடுமுறை விட்டுவிட்டு அவினாசி சாலையில் இருந்த அந்த நிறுவனத்துக்குப் போனாள். அவளிடம் பேச வந்தவள் கனிஷ்கா என்கிற இளம் பொறியாளர். வண்டிகளின் நடத்தையைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இந்துமதி எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துணிந்து, காலி சீட்டோடு பேசுவதைக்கூடச் சொன்னாள்.

கனிஷ்கா சிரிக்கவில்லை. "ஆன்ட்டி, அதுல ஆயிரக்கணக்கான பேர் ஓட்டினது கலந்திருக்குங்க. இது இன்னாரோட பழக்கம்னு தனியாப் பிரிச்செடுக்க முடியாது. எல்லாருமாச் சேந்து ஒரே ஆளா ஆயிட்ட மாதிரி."

"எனக்குத் தெரியும் கண்ணு. அது அவருதான்."

"ஆனா பதிவு பண்ணினவங்க ஒவ்வொருத்தரோட பயணமும் தனித்தனியா எங்ககிட்ட இருக்குங்க. சாரோட வண்டி நம்பரைக் குடுத்துட்டுப் போங்க. தேடிப் பாக்கறேன்."

சில நாள் கழித்து கனிஷ்கா நேரே கிளினிக்குக்கே வந்தாள். வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு கண்ணு" என்றாள் இந்துமதி.

"சார் அதுல இல்லீங்க ஆன்ட்டி."

"என்ன?"

"அவரு ஓட்டினத நாங்க சேத்துக்கவே இல்ல. ஆரம்பத்துல எல்லாரோட ஓட்டத்தையும் ஒரு சல்லடையில போட்டு எடுப்போம். ரொம்ப வேகமா ஓட்டறவங்க, குடிச்சுட்டு ஓட்டறவங்க, இவங்கள எல்லாம் தள்ளிருவோம். தேவையில்லாத இடத்துல நின்னு நின்னு போறவங்களையும் தள்ளிருவோங்க. தயங்கி ஓட்டறவங்கன்னு. சாரு அதுல போயிட்டாரு."

இந்துமதி எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். உள்ளறையில் ஜெசிந்தா நடக்கும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல், கால், ஊன்றுகோல், கால்.

"அப்ப இத்தன நாளும் நான் யாருகிட்டப் பேசிட்டிருந்தேன்?"

கனிஷ்கா கைப்பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்கும் மனசு கேக்கலீங்க. அப்ப அந்தப் பழக்கம் எங்கேர்ந்துதான் வந்துச்சுன்னு தேடினேன். சேத்துக்கிட்டவங்களோட பயணத்த வருசவாரியாப் பிரிச்சுப் பாத்தேன். முதல்ல இந்த ஊருல யாருமே அப்படி நிக்கலீங்க. யாருமே. அப்புறம் ஒரு ரவுண்டானாவுல மட்டும் ஒண்ணு ரெண்டு பேரு நிக்க ஆரம்பிக்கறாங்க. காலைல ஆபீஸ் போற நேரத்துல. அந்த வழியாத் தினமும் போறவங்க. அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் பேரு. அதே மாதிரி ரெண்டு தடவையா பிரேக்கத் தொட்டு. அவங்க வேற ரோட்டுக்குப் போறப்ப அங்கயும் செய்யறாங்க. எங்க வண்டி அவங்ககிட்டக் கத்துக்கிச்சு."

"எந்த ரவுண்டானா?"

"பஞ்சாலை."

உள்ளறையில் சத்தம் நின்றது. ஜெசிந்தா சுவரின் ஓரம் போய்த் திரும்புகிறாள் போலும்.

"அது சாருகிட்டப் பாத்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாதுங்க" என்றாள் கனிஷ்கா. "ஆனா தினமும் அந்த நேரத்துக்கு அந்த இடத்துல வேற யாரு நின்னிருக்கப் போறாங்க? அவரு யாருக்கு வழி விட்டாரோ, யாரு பின்னாடி நின்னு திட்டினாங்களோ, அவங்கதான் அதுல இருக்கறது."

பின்னாலிருந்து ஹாரன் அடித்த அத்தனை பேரையும் இந்துமதி எவ்வளவு வெறுத்திருக்கிறாள்! அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி எத்தனை நாள் காலையில் தலையைக் குனிந்திருக்கிறாள்!

"கூட்டத்துக்கு வாங்க ஆன்ட்டி" என்றாள் கனிஷ்கா. "இதச் சொல்லுங்க. பஞ்சாலை ரவுண்டானாவுக்கு மட்டுமாவது பழைய மாதிரியே விட்டு வெக்கச் சொல்லிக் கேக்கலாம். மேல இருக்கறவங்களும் யோசனைலதான் இருக்காங்க. நீங்க பேசினா இறங்கி வந்துருவாங்க."

ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இப்போதைய பிள்ளைகளுக்கு ஓட்டவே தெரியவில்லை என்றார் ஒரு பெரியவர். லைசென்ஸ் கொடுக்கிற லட்சணம் அப்படி என்றார் இன்னொருவர். வண்டி நின்று நின்று பழக்கி ஜனங்களைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பெண் கத்தினாள். பாவப்பட்டவர்கள் ரோட்டைக் கடக்க அந்த வண்டிகளாவது இருக்கின்றனவே என்று அவளுக்குப் பதில் சொன்னார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கனிஷ்கா திரும்பி இந்துமதியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இந்துமதி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"என் வீட்டுக்காரரு பஞ்சாலை ரவுண்டானாவுல அப்படித்தானுங்க நிப்பாரு. ஆளுங்க அவரப் பாத்துக் கத்துக்கிட்டு, அவங்களப் பாத்து இந்த வண்டிங்க கத்துக்கிச்சுன்னு சொல்றாங்க. எனக்கு அதக் கேட்டுப் பெருமதான். அந்த வண்டி நிக்கறத ஒரு தடவை பாக்கறதுக்காகவே தினமும் ஏறி உக்காந்திருக்கேன்."

மண்டபத்தில் சத்தம் அடங்கியது.

"ஆனா அவரு நிக்கறப்ப சும்மா நிக்க மாட்டாருங்க. வலது பக்க ஜன்னல்ல கைய முழுசா வெளிய நீட்டிப் பக்கத்துல வர்றவனையும் நிறுத்துவாரு. அவன் நின்னானான்னு பாப்பாரு. அப்புறந்தான் அந்தப் பக்கம் நிக்கறவங்களப் போங்கன்னு சொல்லுவாரு. அவங்களும் அவரு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வருவாங்க. இந்த வண்டி நிக்கறது மட்டும் கத்துக்கிச்சு. இதுக்குக் கை இல்லீங்க." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "கை இல்லாம வழி விடறது, ஆளக் கூப்பிட்டுக் குழியில தள்ற மாதிரிங்க. அப்படி விழுந்த ஒரு பொண்ணு எங்கிட்டத்தான் நடக்கப் பழகுது. எடுத்துருங்க. அவரு இருந்திருந்தா அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு."

கனிஷ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்துமதி மைக்கைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள்.

மார்கழியில் திருத்தம் வந்தது. அன்று மாலை அவள் டாக்ஸியில் ஏறினாள். ரவுண்டானாவில் ஒரு ஸ்கூட்டி, ஒரு சைக்கிள், இருவர் வாயில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்ஸி அவர்களைக் கடந்து, எந்தத் தயக்கமும் இல்லாமல், மழமழவென்று சுற்றிக்கொண்டு போயிற்று. நல்ல வண்டி. குலுக்கல் இல்லை. பக்கத்து சீட் வெறும் சீட்டாக இருந்தது. பேசுவதற்கென்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த சங்கதிகளை அப்படியே திரும்பக் கொண்டுபோனாள் இந்துமதி. வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவர் இறந்த அன்றுகூட வீடு இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

முதல் சில வாரம் ரவுண்டானாவில் ஒரே கூச்சல். வண்டி நிற்கும் என்று நம்பிப் பாய்ந்தவர்கள் பதறிப் பிரேக் அடித்தார்கள். வாய்ச்சண்டை, கைகலப்பு. பிறகு மெல்ல மெல்லக் கால்கள் தரையில் ஊன்ற ஆரம்பித்தன. கழுத்துகள் வலப்பக்கம் திரும்பின.

தை பிறந்தது. ஜெசிந்தா ஊன்றுகோல் இல்லாமல் வந்து, வருகிற முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அன்று கொஞ்சம் சீக்கிரமே கிளினிக்கைப் பூட்டிவிட்டு இந்துமதி டாக்ஸியில் கிளம்பினாள். இப்போது அது வெறும் போக்குவரத்துதான்.

நெரிசல் நேரம். டாக்ஸி ரவுண்டானாவின் வாயில் வந்து நின்றது. விதிப்படி வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு வழிவிட்டு, இடைவெளிக்காகக் காத்திருந்தது. இடைவெளி கிடைக்கவில்லை. பஸ், வேன், லாரி, ஆட்டோ, ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தன. பின்னால் ஹாரன்கள் கிளம்பின.

அப்போது வட்டத்துக்குள் ஒரு தனியார் டவுன் பஸ் வந்தது. நெற்றி முழுக்கச் சீரியல் பல்பு, காதைக் கிழிக்கும் ஏர்ஹாரன். எவனுக்கும் எந்தக் காலத்திலும் நிற்காத இனம். அது நின்றது. ஒரு குலுக்கு குலுக்கி, உள்ளே தொங்கிக்கொண்டிருந்த கூட்டமே முன்னால் சாய, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. ஜெகதீசன் நின்றது போலவே இல்லை. முரட்டு நிறுத்தம். ஓட்டுநர் வலப்பக்க ஜன்னலில் கையை முழங்கை தாண்டி வெளியே நீட்டி, உள்வரிசையில் முந்திவந்த காரைத் தடுத்தான். அவனுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. கார் நின்றதைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, டாக்ஸியின் பக்கம் திரும்பி, ஓட்டுநர் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அங்கே ஆள் இல்லை. அவன் முகத்தில் ஒரு கணம் அசடு வழிந்தது. யாருக்குச் சொல்வது என்று தேடிய பார்வை நகர்ந்து, முன்சீட்டில் உட்கார்ந்திருந்த இந்துமதியிடம் வந்து நின்றது.

"போங்கக்கா! போங்க!" என்று பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

டாக்ஸி தானாகவே நகர ஆரம்பித்துவிட்டது. அதற்கு இந்துமதியின் அனுமதி தேவையில்லை. இருந்தாலும் அவள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, அந்தப் பையனை நேராகப் பார்த்து, உயர்த்திக் காட்டினாள். வட்டத்துக்குள் வண்டி திரும்பி, பஸ் பார்வையிலிருந்து மறையும்வரை அந்தக் கையை அவள் இறக்கவில்லை.